கிறிஸ்துமஸுக்கு முன் ஊட்டியில் பனி பார்க்க முடியுமா?

ஊட்டியில் வானத்திலிருந்து பனி கொட்டாதுங்க. பிள்ளைகள் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிற அந்தப் பனி இங்கே கிடையாது. கிடைப்பது உறைபனி, விடியற்காலையில் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல் படிந்திருக்கும்.

போன டிசம்பரில் கோபியிலிருந்து போய், குன்னூரில் 2 நாள் தங்கியும் ஒன்றும் தென்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் இடம்தான். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஊட்டியிலும் மேட்டில் தேடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் பாருங்கள்.

முந்தின இரவு அறைக்கு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் 6 மணிக்கே பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். வெயில் ஏறினால் எல்லாம் தண்ணீர்தான். மேகம் மூடியிருந்தால் தரைச்சூடு வெளியேறாது, பேசாமல் தூங்கலாம்.

ஆனால் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகம் வந்து கெடுத்துவிடுவதும் உண்டு. ஜனவரியில்தான் வாய்ப்பு அதிகம். அதனால் கிறிஸ்துமஸுக்குள் காட்டிவிடுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் (நான் கொடுத்து மாட்டிக்கொண்டவன்). அப்புறம், நீலகிரிக்குள் நுழைய வண்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.