வீட்டு ஈயும் கொட்டில் ஈயும்: கேள்வி பதில்

தக்கலை வாசகர்: வீட்டில் மொய்க்கும் ஈதானே தொழுவத்திலும் இருக்கிறது? பிறகு பசு ஏன் ஓயாமல் காலை உதைக்கிறது?

பதில்: அளவும் சாம்பல் நிறமும் முதுகிலுள்ள நான்கு கறுப்புக் கோடுகளும் ஒத்திருப்பதால் ஒன்றாகத் தோன்றும் வீட்டு ஈயும் தொழுவத்துக் கொட்டில் ஈயும் வேறு வேறு இனங்கள். வாயைப் பாருங்கள். வீட்டு ஈயின் வாய் கீழே தொங்கும். எச்சிலைக் கக்கி உணவைக் கரைத்து உறிஞ்சுமே தவிர அதனால் கடிக்க இயலாது. கொட்டில் ஈயின் விறைப்பான குழல் தலைக்கு முன்னே ஊசிபோல் நீட்டியிருக்கும். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் மாட்டின் முழங்காலுக்குக் கீழே, தலை மேல்நோக்கியிருக்க உட்காரும். உங்கள் பசு உதைப்பது அதனால்தான்.

குலசேகரம் வாசகர்: எது அதிக ஆபத்து?

பதில்: மனிதருக்கு வீட்டு ஈ. மலத்திலிருந்து நம் தட்டுக்கு வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, காலரா கிருமிகளைக் காலிலும் குடலிலும் சுமந்து வருகிறது. கால்நடைக்குக் கொட்டில் ஈ. அது குடித்துக்கொண்டிருக்கையில் மாடு வாலால் விரட்டினால், இரத்தம் காயாத வாயோடு பக்கத்து மாட்டின்மேல் உட்கார்ந்து மீதியைக் குடிக்கும். சர்ரா நோயும் (இரத்தத்தில் ஒட்டுண்ணி புகுந்து வரும் காய்ச்சல்) தோல் கழலை நோயும் இவ்வழியில் பரவக்கூடும். ஆகவே நோயுற்ற மாட்டை உடனே தனியே கட்டுங்கள்.

குளச்சல் வாசகர்: கருவாட்டில் மொய்க்கும் பளபளப்பான பச்சை ஈ இவற்றில் எது?

பதில்: இரண்டுமில்லை. மீன்வளத் துறையினரைக் கேளுங்கள்.

தோவாளை வாசகர்: வேப்பிலைப் புகை போதாதா? எங்கள் தொழுவத்தில் புகை போட்டால் ஓர் ஈகூட இருப்பதில்லை.

பதில்: புகை அடங்கியதும் என்ன ஆகிறது என்று பார்த்தீர்களா? கொட்டில் ஈ நாளில் ஓரிரு முறை, சில நிமிடங்களே குடிக்கும். மற்ற நேரமெல்லாம் சுவரிலும் வேலியிலும் ஓய்வெடுத்துக் காத்திருக்கும்.

தோவாளை வாசகர்: காலங்காலமாகச் செய்வது வீணா?

பதில்: வீணென்று சொல்லவில்லை, மாலையில் மாட்டுக்குச் சற்று நிம்மதி தரும். ஆனால் மூடிய தொழுவத்தில் கன்றின் நுரையீரலுக்கு அது கெடுதல், ஈயின் முட்டையிலிருந்து வரும் புழுவையோ அது தொடுவதே இல்லை. தீவனத் தொட்டியடியில் மூத்திரமும் சாணமும் கலந்து மக்கிய வைக்கோலைக் கிளறுங்கள். புழுக்கள் அங்கேதான் நெளியும். இரண்டு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் அது எளிதில் காய்வதில்லை. வெப்பமான நாட்களில் வீட்டு ஈ முட்டையிலிருந்து 7 முதல் 10 நாட்களில் பறந்துவிடும். கொட்டில் ஈக்கு ஏறத்தாழ 3 வாரம் ஆகும். வாரம் ஒருமுறை அந்த ஈர வைக்கோலை வழித்து வெயிலில் மெல்லிதாகப் பரப்பினால் இரண்டின் புழுவும் பிழைக்காது.

திருவட்டாறு வாசகர்: வாழைக்கு அடிக்கும் மருந்தை மாட்டின்மேல் தெளிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மாடு தன் உடலை நக்கும். நஞ்சு உள்ளே போகும், பாலிலும் சேரும். கால்நடை மருத்துவர் எழுதித் தருவதை மட்டும், அவர் சொல்லும் அளவில் பயன்படுத்துங்கள்.

இரணியல் வாசகர்: ஈ ஒழிய எந்த மருந்து நல்லது?

பதில்: தோவாளை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். முதலில் மண்வெட்டி, பிறகுதான் மருந்து.