மூலநிரல் பட்டியலும் 404 பிழையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்காக உள் சர்வரில் ஒரு டெபியன் லினக்ஸ் களஞ்சியம் (மென்பொருள் பேக்கேஜ்களின் கிடங்கு) வைத்திருக்கிறோம். நாங்களே கட்டிய பேக்கேஜ்களை நிறுவுவதில் சிக்கல் இல்லை. மாணவர்கள் மூலநிரலை இறக்க ‘ஆப்ட்-கெட் சோர்ஸ்’ கொடுத்தால்தான் 404 (கோப்பு இல்லை) பிழை வருகிறது. பேக்கேஜ் கோப்புகள் இருக்கும் பூல் கோப்புறைக்குள் போய் ‘டிபிகேஜி-ஸ்கேன்சோர்சஸ்’ ஓட்டித்தான் மூலநிரல் பட்டியல் எடுக்கிறோம். புதுப்பித்த அன்று ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’ (கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்றும் வருகிறது. தவறு எங்கே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாணவர்கள் மூலநிரலைத் திறந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. பெரும்பாலான உள் களஞ்சியங்களில் இந்தப் பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

404-க்குக் காரணம் ‘பூலுக்குள் போய்’ ஓட்டியதுதான். அந்தக் கட்டளை டிஎஸ்சி கோப்புகளை (மூலநிரல் பேக்கேஜில் என்னென்ன கோப்புகள், அவற்றின் சரிபார்ப்பு எண்கள் என்ன என்று குறிப்பவை) தேடிப் பிடித்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அவை இருக்கும் பாதையை ‘டைரக்டரி’ வரியில் எழுதும். பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட் அதே பாதையை, மாணவர் கணினியின் அமைப்பில் களஞ்சியத்தைக் குறிக்கும் டெப்-எஸ்ஆர்சி வரியில் உள்ள முகவரியோடு ஒட்டிக் கேட்கும். உங்கள் பட்டியலில் ‘பூல்’ விடுபட்டிருக்கும்; திறந்து பாருங்கள். களஞ்சியத்தின் வேர்க் கோப்புறையில் நின்று, பூல் கோப்புறையின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். வெளியீட்டை டிஸ்ட்ஸ்/புக்வார்ம்/மெயின்/சோர்ஸ் கோப்புறையில் ‘சோர்சஸ்’ என்ற கோப்புக்குத் திருப்புங்கள். அந்தக் கட்டளை கோப்பைச் சுருக்கித் தராது, ஜிஜிப் கொண்டு தனியாகச் சுருக்க வேண்டும்.

ஹேஷ் சிக்கல் வரிசை தப்புவதால் வருவது. ஒவ்வொரு பட்டியலின் அளவும் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண்ணும் ‘ரிலீஸ்’ கோப்பில் இருக்கின்றன. சோர்சஸை மாற்றிவிட்டு ரிலீஸைப் பழையபடி விட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. முதலில் சோர்சஸ், அதைச் சுருக்கிய கோப்பு, பிறகு ‘ஆப்ட்-எஃப்டிபிஆர்கைவ் ரிலீஸ்’ கட்டளையால் ரிலீஸ், கடைசியாக அதற்கே ஜிபிஜி மின்கையொப்பம் இட்ட இன்ரிலீஸ். ரிலீஸை நேராக டிஸ்ட்ஸ்/புக்வார்ம் கோப்புறையில் எழுதாதீர்கள். பாதி எழுதிய தன்னையே அது பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். வெளியே தற்காலிகக் கோப்பாக எழுதி, முடிந்ததும் நகர்த்துங்கள்.

இன்னொரு பொறி: டிஎஸ்சி கோப்பில் கையொப்பம் இடுவதானால் பட்டியல் எடுப்பதற்கு முன்பே இடுங்கள். கையொப்பம் கோப்பின் உள்ளடக்கத்தையே மாற்றும்; பட்டியலில் ஏறிய எண் அதோடு செல்லாததாகிவிடும்.

அசல் மூலநிரலைச் சுருக்கி வைத்திருக்கும் ஆரிஜ் டார் கோப்பில் இன்னும் கவனம் தேவை. 1.2-1, 1.2-2 என்ற இரண்டு பதிப்புகளுக்கும் 1.2-இன் ஒரே ஆரிஜ் கோப்புதான் பொது. 1.2-2 கட்டும்போது யாராவது அதைப் புதிதாகச் சுருக்கினால், உள்ளே ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும் சரிபார்ப்பு எண் மாறிவிடக்கூடும், மாறினால் 1.2-1-இன் டிஎஸ்சி அதோடு பொருந்தாமல் போகும். பூலில் ஏற்கெனவே இருக்கும் கோப்பையே எடுத்துக் கட்டுங்கள்.

பூலுக்கு நகலெடுக்கும்போது டிஎஸ்சியை மட்டும் கொண்டுபோய் டார் கோப்புகளை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. டிபிகேஜி-ஸ்கேன்சோர்சஸ் அதைக் கண்டுகொள்ளாது. டிஎஸ்சியில் எழுதியிருப்பதை நம்பிப் பட்டியலில் சேர்த்துவிடும். தலைமடையில் எல்லாம் சரியாகவே தெரியும், கடைமடையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்குத்தான் 404. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் ‘டிசிஎம்டி’ என்று ஒன்று உண்டு. ‘டிசிஎம்டி சிபி’ என்று டிஎஸ்சியின் பெயரைக் கொடுத்தால், அதில் குறித்துள்ள எல்லாக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் சர்வரில் சோதிக்காதீர்கள். உங்கள் களஞ்சியத்தை மட்டும் சேர்த்த வேறொரு கணினியில் ‘ஆப்ட் அப்டேட்’ செய்து, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ‘டவுன்லோட்-ஒன்லி’ சேர்த்து ‘ஆப்ட்-கெட் சோர்ஸ்’ ஓட்டுங்கள். பழைய பதிப்பும் பூலில் இருந்தால் பெயருக்குப் பின் சமக்குறியிட்டு அந்த எண்ணையும் கொடுத்துப் பாருங்கள்; எண் கொடுக்காவிட்டால் பொதுவாக உயர்ந்த பதிப்புதான் இறங்கும், பழையதன் பழுது தெரியாமலே போகும்.