வாசகர் கேள்வி – பதில்: பிரிட்ஜ் சீட்டாட்டம் பழகுவோருக்கு

கேள்வி: தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். சிறு வயது முதல் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடியிருக்கிறேன். குன்னூரில் உள்ள நண்பர்கள் இப்போது பிரிட்ஜ் ஆட அழைக்கிறார்கள். அறுபதைக் கடந்த பிறகு இதைக் கற்க முடியுமா? பழைய ஆட்டம் கை கொடுக்குமா?
– வாசகர், கூடலூர்

பதில்: தாராளமாகக் கற்கலாம். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆடவர் இணை பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60. அவருடைய இணையான சிப்நாத் சர்க்காருக்கு 56.

இருபத்தெட்டு ஆடியவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்வேன். எதிரெதிரே அமர்பவர்கள் ஓர் அணி, ஏலம் கேட்டுத் துருப்பை (மற்ற இனங்களை வெல்லும் இனத்தை) முடிவு செய்வது, இறக்கிய இனத்தையே தொடர்ந்து இறக்குவது ஆகிய மூன்றும் இரண்டு ஆட்டங்களுக்கும் பொது. மாறுவனவற்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் 52 சீட்டுகளும் உண்டு, ஆளுக்கு 13. ஏஸ், ராஜா, ராணி, ஜாக் என்பதே வரிசை. இருபத்தெட்டில் போல ஜாக்கும் ஒன்பதும் தலைமை தாங்குவதில்லை. ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றும். துருப்பு மறைவாகக் கவிழ்ந்திருக்காது. ஏலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்கும் சுற்றுக்கு டிரிக் என்று பெயர். எந்தச் சீட்டால் வென்றாலும் ஒரு டிரிக் ஒரு டிரிக்தான். எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், முதல் சீட்டு விழுந்தவுடன் ஏலம் எடுத்தவரின் இணை தம் கைச் சீட்டுகள் முழுவதையும் மேசையில் விரித்து வைத்துவிடுவது. டம்மி எனப்படும் அந்தக் கையையும் ஏலம் எடுத்தவரே ஆடுவார்.

தொடக்கத்தில் ஏலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மினிபிரிட்ஜ் ஆடுங்கள் என்பது என் உறுதியான யோசனை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று நால்வரும் தத்தம் கைப் புள்ளிகளைச் சொல்ல வேண்டும். மொத்தம் 40 வரும். அதிகப் புள்ளி உள்ள அணியில், கூடுதல் புள்ளி வைத்திருப்பவர் டம்மியைப் பார்த்துத் துருப்பையும், எத்தனை டிரிக் எடுப்பது என்ற இலக்கையும் தேர்ந்து ஆடுவார். சீட்டை ஆளத் தெரிந்த பிறகு ஏலத்தைக் கற்றால், ஒவ்வொரு ஏலக் கேள்வியும் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது தானாகவே விளங்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பிரிட்ஜில் ஆர்வம். சீட்டாட்டம் சூதாட்டம்தானே என்று அவள் தாத்தா கோபப்படுகிறார்.
– வாசகி, உதகை

பதில்: பெரியவருடைய கவலை பணம் வைத்து ஆடுவதைப் பற்றியது, அதை மதியுங்கள், வீட்டில் பணம் வைக்காமல் ஆடுங்கள். உச்ச நீதிமன்றம் 1968இல் ரம்மி வழக்கு ஒன்றில், ரம்மி பெருமளவு திறமையைச் சார்ந்தது என்று கூறியபோது, அதில் உள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் பிரிப்பதில் உள்ள தற்செயலைப் போன்றதே என்று பிரிட்ஜையே அளவுகோலாகக் காட்டியது. போட்டிகளில் ஒரே சீட்டுப் பிரிப்பை எல்லா மேசைகளிலும் ஆடவைத்து ஒப்பிடுவதால், நல்ல சீட்டு வந்தது என்பதற்காக எவரும் வெல்வதில்லை. 2015இல் பிரிட்ஜ் உலக அணிப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது என்பதையும் தாத்தாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் இணையாக ஆடிவருகிறோம். ஸ்டேமேன், பிளாக்வுட், டிரான்ஸ்பர் என்று பல ஏல முறைகளை மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனாலும் முன்னேற்றம் இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் வாக்குவாதத்தில் முடிகிறது.
– வாசகி, குன்னூர்

பதில்: புதிய ஏல முறை எதையும் இனிச் சேர்க்காதீர்கள். தங்களுக்கு வேண்டியது எண்ணும் பழக்கம். அதில்தான் பிரிட்ஜின் அழகு முழுவதும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

துருப்பிலிருந்து தொடங்குங்கள். தங்களிடமும் டம்மியிடமும் சேர்ந்து 8 துருப்பு இருந்தால் எதிரணியிடம் 5. அவை மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்க 68 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்படியானால் மூன்று சுற்றில் தீர்ந்துவிடும். இது பழகியதும் புள்ளிகளை எண்ணுங்கள். டம்மியில் இஸ்பேடு ஏஸும் ராணியும் இருக்கின்றன, ராஜா எதிரணியில் எவரிடம் என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து சிறிய சீட்டை இறக்கி, டம்மியிலிருந்து ராணியைப் போட்டால், ராஜா இடப்பக்கத்தாரிடம் இருக்கும்போது மட்டுமே ராணி வெல்லும். பார்வைக்கு இது பாதிக்குப் பாதி. ஆனால் வலப்பக்கத்தார்தான் சீட்டுப் பிரித்தவர். ஏலத்தில் முதல் ஆளாகப் பாஸ் சொன்னவர். அவர் இதுவரை ஆடியதில் ஓர் ஏஸ், ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக் என 10 புள்ளிகள் வெளிப்பட்டுவிட்டன. இஸ்பேடு ராஜாவும் அவரிடம் இருந்தால் 13 ஆகியிருக்கும். 13 புள்ளி வைத்திருப்பவர் ஏலத்தைத் தொடங்காமல் இருப்பது அரிது. ஆகவே ராஜா இடப்பக்கத்தில் இருக்கிறது என்று துணிந்து ராணியைப் போடலாம். சொல்லாமல் விட்டதும் ஒரு செய்தி என்பதை உணர்ந்த அன்று தங்கள் ஆட்டம் ஒரு படி ஏறிவிடும்.

வாக்குவாதத்தைப் பொறுத்தவரை, ஆடும்போது பேசவே வேண்டாம். ஐயம் எழுந்த கையைக் குறித்துவைத்து, மறுநாள் நான்கு கைகளையும் மேசையில் பரப்பி இருவரும் சேர்ந்து பாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் நான்கு பேர் கூடுவது கடினம். தனியாகப் பயிற்சி செய்ய வழி உண்டா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இணைய வசதி இருந்தால் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற இணையதளத்தில் கணினியே மற்ற மூவராக ஆடும். இணைப்பு துண்டிக்கப்படும் நாட்களில் ஒரு சீட்டுக்கட்டு போதும். ஒரு கையில் நான்கு இனங்களும் எத்தனை எத்தனை சீட்டாக இருக்கின்றன என்பதைக் காட்டும் 4-4-3-2, 5-3-3-2, 5-4-3-1 ஆகிய மூன்று அமைப்புகளை முதலில் மனத்தில் பதியுங்கள். பிரிக்கப்படும் கைகளில் ஏறக்குறைய பாதி இவற்றுள் அடங்கும். பிறகு கட்டைக் கலைத்து 13 சீட்டுகளை எடுத்து, மூன்று இனங்களை மட்டும் எண்ணி நான்காவதைப் பாராமலே சொல்லிப் பழகுங்கள். கூட்டிக் கழிக்காமல் விடை நாவில் வரும் வரை இதைச் செய்துவந்தால், மேசையில் எதிராளியின் மறைந்த கையைக் கணிக்கும்போது யோசனை தடைப்படாது.