அவார்டு வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்
(சட்டக் கேள்வி – பதில்)

கேள்வி: லோடு வேனுக்கு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி, தவணை தவறிவிட்டது. சென்னையில் ஒரு நடுவர் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடக்கும் நடுவர் விசாரணை) நடத்தி என் மேல் அவார்டு (நடுவர் தீர்ப்பு) போட்டுவிட்டார். ஜூன் 10-ம் தேதி தபாலில் வந்தது. அதை ரத்து செய்யக் கேட்டு 90 நாளுக்குள் பாளையங்கோட்டை கோர்ட்டில் மனு போட்டால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 90 நாள் என்பது தப்பு. 1996-ம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34(3) பிரிவு சொல்வது மூன்று மாதம். நடுவர் கையெழுத்திட்ட பிரதி கிடைத்த நாளைக் கழித்து எண்ண வேண்டும். உங்களுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 10. அன்றைக்குக் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கிற நாளில் தாக்கல் செய்யலாம்.

அதையும் விட்டுவிட்டால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி இன்னும் 30 நாள் கேட்கலாம், அதாவது அக்டோபர் 10 வரை. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. இந்த 30 நாளின் கடைசி நாள் தசரா விடுமுறையில் விழுந்தாலும் சலுகை இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலர் சறுக்குவது இங்கேதான்.

எந்தக் கோர்ட் என்பதற்குக் கடன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஆர்பிட்ரேஷனுக்கு இடம் சென்னை என்று இருந்தால், மனு சென்னையில் உள்ள உரிய கோர்ட்டில்தான்; பாளையங்கோட்டையில் இல்லை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில்கூட இல்லை. வேறு கோர்ட்டில் போட்டு அலைந்த காலத்தைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் நல்லெண்ணத்தோடு, அக்கறையாக நடத்தியதை நிரூபிக்க வேண்டும். அந்த வம்பு எதற்கு?

மனு போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு தடைக்குத் தனி மனு வேண்டும். ஒரு தொகையைக் கட்டச் சொல்லியும் உத்தரவு வரலாம். நிறுவனமோ உங்கள் சொத்து இருக்கும் மாவட்டத்திலேயே நிறைவேற்று மனு (அவார்டுப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) போடலாம். உங்களுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து நோட்டீஸ் வந்தால் அது இதுவாகத்தான் இருக்கும்.

'தொகை அதிகம்' என்ற வாதம் 34-வது பிரிவு மனுவில் எடுபடாது. நடுவரை நிறுவனமே தன்னிச்சையாக நியமித்ததா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வலுவான காரணம். தேதிக்கு ஆதாரம் தபால் உறையும் அதிலுள்ள முத்திரையும்தான். வீடு மாறி நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிய பதிவுத் தபாலையே 'கிடைத்தது' என்று கொள்ள இடமுண்டு.

கேள்வி: ராதாபுரம் பக்கம் காற்றாலைக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தேன். பில் பணம் வரவில்லை. மூன்று வருஷமாகக் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் உண்டு. காலம் போய்விட்டதா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: நீங்கள் போட்ட கடிதம் நூறானாலும் காலம் நீளாது. பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருஷம். அந்தக் கெடு முடியும் முன் அவர்கள் 'பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாலோ, எழுத்து ஆதாரத்தோடு ஒரு பகுதி கொடுத்திருந்தாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தோண்டிப் பாருங்கள்.

கெடு இன்னும் இருந்தால், ஆர்பிட்ரேஷன் கோரும் நோட்டீஸை இன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய நாள் கணக்கில்லை. அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் நடவடிக்கை தொடங்கியதாக ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.