நீலக் கண்ணாடியை மாற்றிவிடாதீர்கள்

(ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகத்தில் பழைய கருவிகளைச் செப்பனிடும் தன்னார்வலர்களில் ஒருவர். வாசகர்களின் கேள்விகளுக்கு நம் நெல்லை அண்ணாச்சி பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, எங்க தாத்தா மீட்டர் கேஜ் காலத்து பாயின்ட்ஸ்மேன், வண்டி தண்டவாளம் மாறுவதற்குப் பாதையைத் திருப்பிவிடுகிறவர். பரணை ஒதுங்க வைத்தபோது அவருடைய கைவிளக்கு கிடைத்தது. உங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைக்கிறோம். புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கொண்டு வரலாமா? இன்னொன்று, பச்சைக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒன்று இருக்கிறது. யாரோ மாற்றிவிட்டார்களா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

தேய்க்க வேண்டாம் அம்மா. இருக்கிறபடியே ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.

முதலில் அந்த நீலக் கண்ணாடி. யாரும் மாற்றவில்லை, அதுதான் அசல். மண்ணெண்ணெய்த் திரியின் சுடர் மஞ்சள். அதன் முன்னால் நீலம் ஓடிய கண்ணாடியை வைத்தால்தான் டிரைவர் கண்ணுக்கு நல்ல பச்சையாகத் தெரியும். கைகாட்டி மரத்தில் இருந்த கண்ணாடிக்கும் இதே கணக்குதான். எங்களிடம் வரும் கல்லூரித் தம்பி ஒருவர் இப்படி ஒரு விளக்குக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "இது பச்சையே இல்லையே, புதுக் கண்ணாடி வெட்டிப் போட்டுடுவோமா?" என்றார். நல்லவேளை, வெட்டுவதற்கு முன்னால் கேட்டார். ஷெட் கதவைச் சாத்திவிட்டுத் திரியை ஏற்றி, மேல்குமிழைத் திருப்பினேன். உள்கூடு சுழன்று அந்தக் கண்ணாடி சுடருக்கு நேராக வந்து நின்றது. எதிர்ச் சுவரில் வாழைக்குருத்து நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. தம்பி ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அடுத்து புளி. வீட்டுக் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு பட்டுத் துத்தநாகம் அரித்துவிட்டால், செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். தகரத்தில் புளி பட்டாலோ, மறுவாரமே துரு கிளம்பும். அதைவிடப் பெரிய நஷ்டம், எழுத்து போய்விடும். மூடியிலோ அடியிலோ எஸ்.ஐ.ஆர். என்று பொறித்திருந்தால் அது பழைய தென்னிந்திய ரயில்வே காலத்துச் சாமான். எஸ்.ஆர். என்றிருந்தால் 1951இல் தெற்கு ரயில்வே உண்டானதற்குப் பிந்தியது. பொறித்த எழுத்தாவது ஓரளவு தாங்கும். பெயின்டில் எழுதியது ஒரு தேய்ப்புக்குக் காணாது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு விளக்கின் மூடியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கறுப்புக்கு அடியில் வெள்ளை பெயின்டில் ஏதோ எழுத்து தெரிந்தது. ஸ்டேஷன் பெயராகத்தான் இருக்க வேண்டும். கையை நிறுத்துவதற்குள் பாதி போயிற்று, மிச்சம் இருந்ததும் வாசிக்கும்படி இல்லை. அந்த விளக்கு எந்த ஊரில் எரிந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த மூடியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

அதனால் இப்போதெல்லாம் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சுதான். இறுகிப்போன குமிழுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் காத்திருப்போம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாளால் உலரத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். கைப்பிடியில் துணியோ சைக்கிள் டியூபோ சுற்றியிருந்தால் அவிழ்க்காதீர்கள். ராத்திரி முழுக்க எரிந்த விளக்கு சுடும். தாத்தா தன் கைக்கு ஏற்றபடி சுற்றிக்கொண்டது அது. அவர் எந்தெந்த ஸ்டேஷனில் இருந்தார் என்பதையும் பாட்டியிடமோ அப்பாவிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள்.

உங்கள் அருங்காட்சியகத்தில் சிவப்புப் பெட்டி ஒன்றிலிருந்து இரும்பு உருண்டை எடுத்துக் காட்டினீர்கள். அது என்ன? கம்ப்யூட்டர் சிக்னல் வந்த பிறகு அதை ஓடவைக்க ஏன் இவ்வளவு பாடு? (மாணவர், பாளையங்கோட்டை)

அது நீல்ஸ் பந்து டோக்கன் கருவி. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி நேருக்கு நேர் வந்துவிடாமல் காத்தது. புரிவதற்காக, கல்லிடைக்குறிச்சியில் ஒரு கருவி, அம்பாசமுத்திரத்தில் ஒரு கருவி, நடுவே தாமிரபரணிப் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவியும் மின்கம்பியால் இணைந்தவை. இங்குள்ள ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்பார். அங்கே இருப்பவர் சம்மதித்துப் பிளஞ்சர் என்கிற அமுக்குக் குமிழை அமுக்கிப் பிடித்தால்தான் இங்கே ஊசி அசையும், கைப்பிடி திரும்பும், டோக்கன் என்கிற ஓர் உருண்டை விழும். அது டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி கிளம்பலாம். நிற்காத வண்டி என்றால், தோல்பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை விட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த உருண்டை அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் விழுகிறவரை இரண்டு பக்கமும் இன்னொன்றை எடுக்க முடியாது.

பாடு எதற்கு என்றால், இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், கையால் செய்தால் ஒரு நிமிஷம். பள்ளிப் பிள்ளைகள் இரண்டாவது உருண்டையை எடுக்க இழுஇழு என்று இழுப்பார்கள். வராது. அந்த 'வராது' கைக்குத் தெரிய வேண்டும் தம்பி, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் தெரியாது.

எங்களுக்குக் கிடைத்த இரண்டு கருவியும் வெவ்வேறு பாதையைச் சேர்ந்தவை. ஒன்றின் உருண்டை மற்றதில் இறங்கக் கூடாது என்பதற்காகவே வடிவத்தில் வித்தியாசம் வைத்திருப்பார்கள். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பொருந்துகிற மாதிரி புது உருண்டை கடைந்து தந்தார், காசு வாங்கவில்லை. அசலுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனாலேயே அதில் செய்த வருஷத்தை ஆழமாகக் குத்தி வைத்தோம். நாளைக்குப் பார்க்கிறவர் இதையும் பழசென்று நம்பிவிடக் கூடாது.

அகலப் பாதை வந்தபோது எங்கள் பக்கத்துப் பழைய சாமான்கள் எல்லாம் என்ன ஆயின? (வாசகர், தென்காசி)

பெரும்பாலும் எடைக்குப் போயின. மீட்டர் கேஜ் என்கிற 1,000 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய எஞ்சினும் பெட்டியும் 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஓடாது, அதைக் குறை சொல்ல முடியாது. கைகாட்டி, மரப்பெட்டி, டிக்கெட்டில் தேதி குத்தும் மெஷின் இவற்றையாவது ஊருக்கு ஒன்று வைத்திருக்கலாம். நூறு வருஷம் தாண்டிய பாதை அது. 2012இல் நெல்லைக்கும் தென்காசிக்கும் அகலப் பாதையில் வண்டி வந்தபோது நானும் எல்லாரையும் போலச் சந்தோஷப்பட்டேன். அதற்கு முன்னால் ஒரு பழைய இரும்புக் கடையில், கைகாட்டியின் கையை நாலாக வெட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். சிவப்பில் வெள்ளைப் பட்டை அப்படியே இருந்தது. ஒரு துண்டை விலைக்கு வாங்கிவந்தேன். வெட்டுப்பட்ட ஓரத்தோடு அது எங்கள் ஷெட் வாசலில் மாட்டியிருக்கிறது.

எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. தையல் மட்டும் தெரியும். வரலாமா? (வாசகி, வீரவநல்லூர்)

கட்டாயம் வாருங்கள். டோக்கன் பை மூன்று கிடக்கிறது, தோல் நன்றாக இருக்கிறது, நூல்தான் இற்றுவிட்டது. பழைய ஊசித் துளையிலேயே திரும்பத் தைக்க வேண்டும், புதுத் துளை போடக் கூடாது. எங்களில் ஒருவருக்கும் அந்தக் கை வரவில்லை. மெழுகு நூல் நாங்கள் வாங்கி வைக்கிறோம், தடித்த ஊசி இருந்தால் எடுத்து வாருங்கள்.