கவரைக் கழுவாதீர்கள்

கேள்வி: ஐயா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் என் ஏழு வயது மகனுக்குக் கிரீம் பன் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தில் வாந்தி, பேதி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து கவரைப் பார்த்தால் தேதி முடிந்து ஒன்பது நாள்! கடைக்காரர், “லைன் வண்டிக்காரன் போட்டதை வித்தேன், கம்பெனியைக் கேளுங்க” என்கிறார். ஐந்நூறு ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார். பில் இல்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. கேஸ் போட முடியுமா?
- தங்கச்சிமடம் வாசகி

பதில்: முடியும், சகோதரி. அந்தக் கவர் எங்கே? தயவுசெய்து அதைக் கழுவிவிடாதீர்கள். நான் உணவு ஆய்வாளராக இருந்தபோது மண்டபம் பக்கம் ஒரு குடும்பம், ஆபீசுக்குப் பிசுபிசுப்போடு கொண்டுபோவதா என்று கவருக்குச் சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்தது. தேதி அச்சு சோப்போடு போயே போச்சு. அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை.

“கம்பெனியைக் கேளுங்க” என்ற பேச்சு எடுபடாது. காலாவதித் தேதி முடிந்த பண்டத்தை விற்றால் விற்றவர் பொறுப்பு என்று 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 27-வது பிரிவில் தனியாகவே சொல்கிறது. கவரில் என்ன வார்த்தை இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்பைரி’, ‘யூஸ் பை’ என்றால் அப்புறம் விற்கவே கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ மட்டும் என்றால் அது ருசிக்கும் பதத்துக்கும் போட்ட தேதி, எதிர்த்தரப்பு அதைப் பிடித்துத் தொங்கும்.

தேதி முடிந்த பன்னை விற்றார் என்று காட்டுவது சுலபம். அந்தப் பன்னால்தான் வாந்தி வந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். பையன் காலையில் என்ன சாப்பிட்டான்? முந்தின நாள் மீன்குழம்பா? இதை நான் கேட்காவிட்டாலும் கடைக்காரரின் வக்கீல் கேட்பார். அதே குழம்பைத் தின்ற மற்றவர்கள் நன்றாக இருக்க, பன் தின்றவன் மட்டும் படுத்தான் என்றால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மூன்று மணி நேரம் என்பதும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. கிரீமில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி விட்டுவைக்கும் நஞ்சு, ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். சால்மோனெல்லா கிருமி என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள்வரைகூட ஆகலாம், அப்போது முந்தின நாள் சாப்பாடெல்லாம் விசாரணைக்கு வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் வெறும் ‘வாந்தி, பேதி’ என்று இருந்தால், உணவு நஞ்சானதுதான் காரணம் என்று டாக்டர் கருதினால் அதை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

மிச்சப் பன்னை நம்ப வேண்டாம். பிரித்து வைத்ததில் பிறகு வளர்ந்த கிருமி என்பார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தாகப் புகார் கொடுத்தால், அதே பேட்ச் கடையில் இருக்கும்போதே மாதிரி எடுப்பார்கள். அதனால் இன்றைக்கே போங்கள்.

பில் இல்லையா? ஜிபேயில் கொடுத்திருந்தால் அதுவே போதும். கேட்டும் பில் தராதது கடைக்காரரின் தப்பு, நுகர்வோர் சட்டத்தில் அதுவும் முறையற்ற வணிகம்தான். இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சாதாரண பாதிப்புக்கு 1 லட்சம் வரை, கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை இழப்பீடு உண்டு. அந்த ஐந்நூறை வாங்காதீர்கள்.

கேள்வி: ஓட்டலில் சூரை மீன் வறுவல் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு. மீனுக்குத்தான் தேதியே இல்லையே, யாரைக் கேட்பது?
- ஏர்வாடி வாசகர்

பதில்: ஓட்டலைத்தான். பிடித்தபின் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை, கும்புளா, சாளையில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அது போகாது, நாற்றமும் இல்லாமல் இருக்கலாம். ‘மீன் அலர்ஜி’ என்று டாக்டர் எழுதிவிட்டால் குற்றம் உங்கள் உடம்பு மேல் போய்விடும். நேற்றுவரை சூரை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சொல்லுங்கள். அதே தட்டில் கை வைத்த நண்பருக்கும் அரித்ததா என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: தேதி முடிந்த பிஸ்கட்டை ஏஜென்சி திரும்ப எடுக்கத் தாமதமாகிறது. கடையில் வைத்திருந்தாலே அபராதமா?
- தொண்டி மளிகைக் கடைக்காரர்

பதில்: விற்கும் சரக்கோடு கலந்து வைத்தால் வம்புதான். ஒரு பெட்டியில் தனியாகப் போட்டு, ‘விற்பனைக்கு அல்ல, திருப்பி அனுப்ப’ என்று பெரிதாக எழுதி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைக்காதீர்கள். சோதனைக்குப் போனால் நான் முதலில் குனிந்து பார்த்தது அங்கேதான்.