பிள்ளைகளுக்குப் பழைய துணி வாங்குவது: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

என் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தது பாதிக்குமேல் மற்ற பிள்ளைகள் போட்ட துணியில்தான் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். எனக்குத் தையல் தெரியும், பத்து வருஷமாக வாங்கியும் கைமாற்றியும் வருகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அடுத்த வீட்டுப் பிள்ளை போட்ட துணி நம் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் தடுக்கிறார். என்ன சொல்வது அக்கா?

சண்டை வேண்டாம்மா. அவர் பேரப்பிள்ளைக்கு முதன்முதலில் என்ன சுற்றினார் என்று அன்பாகக் கேளுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியைக் கிழித்துத்தானே இடுப்புத்துணி போட்டோம், தூளிக்கும் பாட்டியின் பழைய நூல்சேலைதான். பேர் வைக்கும் நாள்வரை புதுத்துணியே போடாத வீடுகள் இன்னும் உண்டு. புதுத்துணியில் இருக்கும் கஞ்சியும் ரசாயனப் பூச்சும் பல தடவை துவைத்த துணியில் பெரும்பாலும் போயிருக்கும், சுருங்க வேண்டியதும் சுருங்கி முடிந்திருக்கும். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் புதுசு எடுத்துவிடுங்கள், அவர் மனசும் நிறையும்.

கேள்வி: எந்த வயதுத் துணி வாங்கினால் லாபம்?

முதல் ஒன்றரை வயதுத் துணி. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகிறது, உயரமும் முதல் வருஷத்தில் ஏறக்குறைய 25 செ.மீ. கூடுகிறது. அதனால் துணி நைவதற்குள் பிள்ளை அதைத் தாண்டிவிடுகிறது. நாலு வயதுக்குமேல் பையன்களின் பேன்ட் நல்லதாகக் கிடைப்பது அபூர்வம், முட்டி தேயாமல் யாரும் கழற்றித் தருவதில்லை. ஸ்வெட்டர், மழைக்கோட்டு, விசேஷத் துணி எந்த வயதிலும் வாங்கலாம். ஜட்டியும் செருப்பும் ஷூவும் வேண்டாம், போட்ட ஷூ முந்தைய பிள்ளையின் பாத வாகுக்கு அமுங்கியிருக்கும்.

கேள்வி: பார்த்தால் நன்றாக இருக்கிறது, நாலு துவைப்பில் போய்விடுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையைக் கடைசியில் பாருங்கள், முதலில் துணியில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் தூக்கிப் பிடியுங்கள், உட்காரும் இடத்திலும் முட்டியிலும் வெளிச்சம் சல்லடை மாதிரி தெரிந்தால் விட்டுவிடுங்கள். பனியன் துணி என்றால் கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள், திரும்பி வராமல் தொங்கினால் அவ்வளவுதான். இடுப்பு எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுத்தால் உள்ளே ரப்பர் இற்றிருக்கிறதா என்று நறநறக்கும் சத்தமே சொல்லிவிடும், ஆனால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் இதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, எலாஸ்டிக் மாற்றுவது சின்ன வேலை. ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். பிரஸ் பட்டனைச் சுற்றித் துணி கிழிய ஆரம்பித்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் உள்பக்கம் திருப்பி அக்குளையும் கவட்டையும் பாருங்கள், தையல் விட்டிருந்தால் திரும்பத் தைக்கலாம், தையல் பக்கத்தில் துணியே நைந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. போனில் பார்த்து வாங்குபவர்கள் உள்பக்கப் படமும் முட்டிப் படமும் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்குபவரிடம் நான் வாங்குவதில்லை.

கேள்வி: வாங்கிய துணியெல்லாம் அந்துருண்டை வாசம். ஒரு தடவை துவைத்துப் போட்டுவிடலாமா? குழந்தைக்கு நாற்பது நாள்.

தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் கேள்விக்காகவே இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். நாப்தலீன் உருண்டை போட்ட பெட்டியில் கிடந்த துணியை உடுத்தியே சிசுக்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம், பரிசோதிக்காதவரை அந்தக் குறை இருப்பதே பல வீடுகளில் தெரியாது. சிவப்பணு உடைந்தால் மஞ்சள் காமாலை வரும், பச்சைக் குழந்தைக்கு அது ஏறினால் மூளை வரைக்கும் பாதிக்கும். நாம் வேறு தினமும் எண்ணெய் தேய்க்கிறோம், எண்ணெய் பூசிய தோலில் நாப்தலீன் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். வெளியே காற்றில் பல நாள் தொங்கவிட்டு, துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசம் துளியும் இல்லாமல் போன பிறகுதான் பெரிய பிள்ளைக்குக்கூட. பிறந்த குழந்தைக்கு அந்தத் துணியே வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்து, குழந்தை வெளிறியோ கண் மஞ்சளாகவோ சிறுநீர் கறுத்தோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய் உருண்டை விஷயத்தையும் சொல்லுங்கள். நீங்கள் துணி எடுத்து வைக்கும்போது காய்ந்த வேப்பிலை, வசம்பு போதும்.

கேள்வி: சொறி சிரங்கு ஒட்டிக்கொள்ளுமா?

சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டு வந்தால் 2, 3 நாளுக்குமேல் தாங்காது. வாங்கிய துணியை ஒரு பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டு, கொதிநீர் தாங்கும் துணியை அதில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். மூட்டைப்பூச்சி பட்டினியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தையல் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்தத் துணி மூட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பட்டுப்பாவாடை பழசு வாங்கலாமா? ஜரிகை நன்றாக இருக்கிறது.

வாங்குங்கள், பிள்ளைகள் வருஷத்துக்கு மூன்று தடவைகூட உடுத்துவதில்லை. நீளத்தை உள்ளே மடித்து டக் பிடித்துத் தைத்ததா என்று பாருங்கள், இரண்டு டக் இருந்தால் பிரித்துவிட்டு இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம். பிரித்த இடத்தில் ஒரு கோடு தெரியும், அதன்மேல் மெல்லிய லேஸ் வைத்தால் மறைந்துவிடும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்த பட்டு மடிப்பிலேயே இற்றுப்போகும், அந்த இடத்தை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், நூல் பிரிந்தால் ஜரிகை எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து நாத்தனார் அனுப்பிய பழைய ஸ்வெட்டரில் தொப்பிக்கு நாடா இருக்கிறது. பரவாயில்லையா?

உருவி எடுத்துவிடுங்கள். சறுக்குமரத்தில் நாடா மாட்டிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் 1996-லேயே பிள்ளைகளின் மேலாடையில் கழுத்து நாடா கூடாது என்று வழிகாட்டுதல் வந்தது, ஐரோப்பியத் தரவிதியும் 7 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை விலக்குகிறது. பழைய துணியிலும் மலிவுத் துணியிலும் இன்னும் வருகிறது. தைத்து ஒட்டிய மணி, கல், சமிக்கி ஆடினால் அதையும் பிய்த்துவிடுங்கள், வாய்க்குத்தான் போகும்.

கேள்வி: திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அது யாரும் போடாத புதுசு, தையலிலோ சாயத்திலோ சின்னக் குறை உள்ளது. பனியன், டிராயர் அங்கே எடுத்துவிடுங்கள், அந்த விலைக்குப் பழசு வாங்குவதில் அர்த்தமில்லை. பழசுக்கு நான் புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொடுப்பதில்லை, ஸ்வெட்டருக்கு மட்டும் பாதி.

கேள்வி: வாங்கும்போது வெள்ளையாக இருந்த சட்டை, எடுத்து வைத்திருந்தபோது கழுத்தில் மஞ்சள் திட்டு வந்துவிட்டது.

பால் கக்கிய கறை. சரியாகப் போகாத பால் பீரோவுக்குள் மெல்ல மஞ்சளாகும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள், சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுக் கசக்கி, ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.